டெல்பர்ட் நிலுவையில் இருக்கிறார்

அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை, சர்ச் வாசலில், காபிக் கோப்பையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு டெல்பர்ட் நாக்ஸ் சபதம் செய்தார்.

"இந்த வருஷம் எல்க் மான் அடிக்கலைன்னா என் பேரு டெல்பர்ட் நாக்ஸ் இல்ல!"

"வேற என்ன பேரு வைக்கலாம்?" என்று கேட்டார் பக்கத்து வீட்டு ஹார்லன். "இப்பவே யோசிச்சு வச்சுக்குவோம். நவம்பர்ல அவசரமாயிடும்."

வாசலில் நின்ற ஜூனிபர் ஃப்ளாட் ஊர் முழுவதும் சிரித்தது. ஊர் முழுவதும் என்றால் நாற்பது பேர். அதில் டெல்பர்ட்டின் மனைவி ஓபலும் ஒருத்தி.

சிரித்ததில் நியாயம் இருந்தது. பதினொரு வருடமாக டெல்பர்ட் மலைக்குப் போகிறார். பதினொரு வருடமாக மலையில் எல்க் மான்கள் சௌக்கியமாக இருக்கின்றன. நவம்பரில் சர்ச்சில் வேட்டை விருந்து நடக்கும். மான் அடித்தவன் கறி கொண்டு வருவான். அடிக்காதவன் பீன்ஸ் கொண்டு வருவான். டெல்பர்ட் பதினொரு பாத்திரம் பீன்ஸ் கொண்டு வந்தவர். அந்த ஊரில் வேறு டெல்பர்ட்டே கிடையாது. இருந்தாலும் அவரைப் 'பீன்ஸ் டெல்பர்ட்' என்றுதான் சொன்னார்கள்.

கவுண்டியின், அதாவது மாவட்டத்தின், சாலை இலாகாவில் முப்பது வருடம் ரோடு சமன் செய்யும் இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். மேடு பள்ளம் எதைக் கண்டாலும் நிரவிவிடுவார். இந்த ஒரு பள்ளத்தை மட்டும் அவரால் நிரவ முடியவில்லை. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். டெல்பர்ட் குழல் கோணல் என்றார். குறி தப்புவதற்குக் காரணம் கண்ணும் இல்லை, கையும் இல்லை, சுடும் நேரத்தில் தும்மும் மூக்கும் இல்லை. துப்பாக்கிதான் என்று முடிவு கட்டினார்.

திங்கட்கிழமை காலையிலேயே ஓபலிடம் சொல்லாமல் கிளம்பிவிட்டார். ஓபல் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். ஆறரை மணிக்கு அவள் பஸ் தெருவைத் தாண்டியது. ஆறே முக்காலுக்கு டெல்பர்ட்டின் பிக்கப் வண்டி தெருவைத் தாண்டியது. இருபத்திரண்டு மைல் தள்ளி, ரூடியின் துப்பாக்கிக் கடை.

ரூடி பழைய ரைஃபிளை வாங்கிக்கொண்டார். புதிதாக ஒன்றை மேசைமேல் வைத்தார். கறுப்பு, நீளம், மேலே தூரக்கண்ணாடி. டெல்பர்ட் அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். சுவரில் மாட்டியிருந்த மான் தலை பயந்தது போல் அவருக்குத் தோன்றியது.

"இது போதும் ரூடி. சுத்திக் கொடு."

"ஒரு நிமிஷம். படிவம் இருக்கு. எழுதிக் கொடு, மாநிலத்துக்கு அனுப்பறேன். உன் பின்னணியைச் சரிபார்த்துச் சரின்னு சொன்னதும் எடுத்துட்டுப் போ."

"எவ்வளவு நேரம் ஆகும்?"

"பத்து நிமிஷம்."

டெல்பர்ட் எழுதிக் கொடுத்தார். ரூடி கம்ப்யூட்டரில் தட்டினார். இரண்டு பேரும் காபி குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். மழை இல்லாததைப் பற்றிப் பேசினார்கள். கம்ப்யூட்டர் 'டிங்' என்றது. ரூடி எட்டிப் பார்த்தார்.

"என்ன சொல்லுது?"

"நிலுவைன்னு சொல்லுது."

"அப்படின்னா?"

"ஆமான்னும் சொல்லலை, இல்லைன்னும் சொல்லலை."

"எத்தனை நாள் ஆகும்?"

ரூடி ஒரு சீட்டில் 'நாக்ஸ் — நிலுவை' என்று எழுதிப் புது ரைஃபிளின் கழுத்தில் கட்டினார். உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்து, "அது மாநிலத்துக்கும் தெரியாது," என்றார்.

"மூணு நாளாச்சுன்னா, பதில் வராட்டியும் கொடுக்கலாம்னு ஹார்லன் சொன்னானே?"

"சில இடத்துல கொடுக்கறாங்க. எங்க கடையில கொடுக்கக் கூடாதுன்னு என் பொண்டாட்டி சொல்லிட்டா. கடை அவ பேர்ல இருக்கு."

இதற்கு மேல் டெல்பர்ட் வாதாடவில்லை. சட்டத்தோடு வாதாடலாம்.

"சரி, அதுவரைக்கும் என் பழசையாவது கொடு."

"அதுவா? நீ காபி ஊத்திக்கிட்டிருந்தப்ப ஒருத்தர் வந்தாரில்ல? பிடிச்சிருக்குன்னாரு. படிவம் எழுதினாரு. நாலு நிமிஷத்துல அவருக்கு ஆமான்னு வந்துடுச்சு. கொண்டு போயிட்டாரு."

வீட்டில் மீதி இருந்தது முயல் சுடும் குட்டித் துப்பாக்கி ஒன்றுதான். அதைக்கொண்டு எல்க்கைச் சுட்டால், கொசு கடித்ததென்று நினைத்துச் சொறிந்துகொண்டு போகும்.

ஐந்து நாள் டெல்பர்ட் வாயைத் திறக்கவில்லை. ஐந்தாம் நாள் ஓபல் துப்பாக்கி அலமாரியைத் துடைத்தாள்.

"டெல், உன் ரைஃபிள் எங்க?"

"ரூடிகிட்ட இருக்கு. சின்ன ரிப்பேர்."

"ரூடி ரிப்பேர் பண்றதில்லையே. விக்கறவன்தானே?"

டெல்பர்ட் செய்தித்தாளின் பின்னால் மறைந்தார்.

"வித்துட்டியா?"

"மாத்திக்கிட்டேன்."

"மாத்திக்கிட்டது எங்க?"

"வரும்."

"எப்ப?"

"மாநிலம் சொன்னதும்."

"மாநிலம் எப்ப சொல்லும்?"

"அது தெரிஞ்சா நான் ஏன் தலைகீழாப் பேப்பர் படிக்கறேன்?"

ஓபல் பேப்பரை வாங்கி நிமிர்த்திக் கொடுத்தாள். "ஆக, கையில இருந்ததைக் குடுத்துட்ட. கைக்கு வரவேண்டியது வரலை."

"அப்படிச் சொன்னா கேவலமா இருக்கு ஓபல்."

"எப்படிச் சொன்னா நல்லா இருக்கும்? நீயே சொல்லு, அப்படியே சொல்றேன்."

"என் பின்னணியைச் சரிபார்க்கறாங்க. அவ்வளவுதான்."

"அதுக்கு எதுக்கு இத்தனை நாளு? முப்பத்தாறு வருஷமா உன் பின்னணியை நான் பார்த்துக்கிட்டு இருக்கேன். சோபாவுல அது அழுத்தின பள்ளம் இன்னும் மேல வரலை."

வேட்டைக் காலம் அந்த மாதம் இருபத்தெட்டாம் தேதி, புதன்கிழமை தொடங்குகிறது. மொத்தமே ஐந்து நாள்தான் நடக்கும். இந்தத் தடவை போவது வேறு மலை; அதற்கான வேட்டை அனுமதிச் சீட்டு குலுக்கலில்தான் விழும். நான்கு வருடம் காத்திருந்து இந்த வருடம் விழுந்த சீட்டு. டெல்பர்ட் தொலைபேசியை எடுத்தார்.

முதலில் சங்கீதம் கேட்டது. பிறகு, உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது என்று ஒரு குரல் சொன்னது. பிறகு ஒன்றரை மணி நேரம் சங்கீதம் அவருக்கு எவ்வளவு முக்கியம் என்று சோதித்தார்கள். கடைசியில் ஒரு பெண் வந்தாள்.

"வணக்கம் சார். உங்க விண்ணப்பம் வரிசையில இருக்கு. நீங்க இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்துப் பதினாலாவது ஆள்."

"என்னை ஏம்மா நிறுத்தி வச்சிருக்கீங்க?"

"அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதி இல்ல சார்."

"நான் ஏதாவது குத்தம் பண்ணியிருக்கேனா?"

"அதையும் சொல்ல முடியாது சார்."

"நான் பண்ணலைன்னு எனக்கே தெரியுமேம்மா!"

"அப்படின்னா கவலையே இல்ல சார். காத்திருங்க."

மறுநாளும் கூப்பிட்டார். வேறொரு பெண் வந்தாள். அவர் இப்போது இரண்டாயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தேழாவது ஆள் என்றாள்.

"ஏம்மா, வரிசைன்னா முன்னால நகரும். இது என்ன, பின்னால போகுது?"

"நேத்துச் சொன்னது தோராயமான எண் சார்."

"இன்னிக்குச் சொல்றது?"

"இதுவும் தோராயம்தான் சார். பதினாலு பேர் பார்க்கற வேலையை அஞ்சு பேர் பார்க்கறோம். அதுல ரெண்டு பேர் இப்பத்தான் கத்துக்கறாங்க. நான் அதுல ஒருத்தி."

தவறு அந்தப் பெண்ணுடையது இல்லை. தேர்தல் வருகிறது, இனிமேல் துப்பாக்கியே கிடைக்காது என்று யாரோ கிளப்பிவிட்டிருந்தார்கள். துப்பாக்கி கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயத்தில் எல்லோரும் துப்பாக்கி வாங்கப் போனார்கள். எல்லோரும் வாங்கப் போனதால் யாருக்கும் கிடைக்கவில்லை. பார்த்தாயா, நான் அப்பவே சொன்னேன் என்று கிளப்பிவிட்டவர்கள் சொன்னார்கள். இரண்டு வருடம் முன்பு, இந்த அலுவலகத்துக்கு எதுக்கு இத்தனை ஆள், வரிப்பணம் வீண் என்று ஆள் குறைக்கச் சொல்லிக் கையெழுத்துப் போட்டவர்களில் டெல்பர்ட்டும் ஒருவர். அதை அவர் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை.

கடையில் ரூடி வேறொரு காரணம் சொன்னார். "உன் பேருல, உன் வயசுல இன்னொருத்தன் இருப்பான் டெல்பர்ட். போன வருஷம் ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு. கடற்கரைப் பக்கம் எவனோ படகு திருடியிருந்தான். ரெண்டு பேருக்கும் ஒரே பேரு. இவர் நாலு மாசம் நின்னாரு."

டெல்பர்ட் வீட்டுக்கு வந்து குமுறினார். "என்னைப் படகுத் திருடன்னு நினைக்கறாங்க ஓபல்! என்னை! முப்பது வருஷம் கவுண்டிக்கு உழைச்சவனை!"

ஓபல் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். "படகு திருடணும்னா நாலு மணிக்கு எழுந்திருக்கணும். கயித்தை அவுக்கணும். துடுப்புப் போடணும். உன்னால அதெல்லாம் ஆகாதுன்னு நான் வேணா அவங்களுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லட்டுமா?"

"நீ எந்தப் பக்கம் பேசறே?"

"உன் பக்கம்தான். நீ நிரபராதின்னு இதைவிட எப்படிச் சாட்சி சொல்றது?"

அரசாங்கத்துக்கு அவரைக் கெட்டவன் என்று சொல்லத் துணிவில்லை. நல்லவன் என்று சொல்ல நேரமில்லை. நாட்கள் போயின. பதினெட்டாம் நாள் வரிசை எண் மூவாயிரத்தைத் தாண்டியது. ஹார்லன் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று தன் ரைஃபிளுக்கு எண்ணெய் போட்டார். வெளியில் வைத்துத்தான் எண்ணெய் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

"டெல்பர்ட்டு, கேள்விப்பட்டேன். என்கிட்ட இன்னொண்ணு இருந்தது. மருமகனுக்கு இரவல் கொடுத்துட்டேன். நீ ஒரு வார்த்தை கேட்டிருந்தா உனக்கே கொடுத்திருப்பேன்."

"உன்கிட்ட யாரு கேட்டா?"

"அதுதான் சொல்றேன், நீ கேக்கலை. பீன்ஸ் வாங்கிட்டியா? கடையில ஸ்டாக் குறையுது."

அன்று சாயங்காலம் டெல்பர்ட்டுக்கு யோசனை உதித்தது. உதித்ததும் தாமாகவே தம் முதுகைத் தட்டிக்கொண்டார். தோள் சுளுக்கிக்கொண்டது.

மாநிலத்துக்குச் சந்தேகம் டெல்பர்ட் நாக்ஸ் மேல். ஓபல் நாக்ஸ் மேல் இல்லை. உலகத்தில் இன்னொரு ஓபல் நாக்ஸ் இருக்க முடியாது. இருந்தால் உலகம் தாங்காது. ஓபல் போய் ரைஃபிள் வாங்கட்டும். வீட்டுக்கு வந்ததும் கைமாறிக்கொள்ளலாம்.

இரவுச் சாப்பாட்டுக்கு முன்பே தட்டுகளை எடுத்து வைத்தார். ஓபல் நின்று பார்த்தாள்.

"என்ன வேணும்?"

"ஏன், நான் தட்டு எடுத்து வைக்கக் கூடாதா?"

"எங்க இருக்குன்னு உனக்குத் தெரிஞ்சிருக்கே, அதுதான் பயமா இருக்கு. சொல்லு."

சொன்னார். ஓபல் முழுவதும் கேட்டாள்.

"படிவத்துல என்ன கேப்பாங்க?"

"சும்மா பேரு, ஊரு, பிறந்த தேதி. அப்புறம் ஒரு கேள்வி. இந்தத் துப்பாக்கியை உங்களுக்காகத்தான் வாங்கறீங்களான்னு. ஆமான்னு ஒரு கோடு இழுத்துடு."

"பொய் எழுதினா?"

"யாரு பார்க்கப்போறா?"

"பொய் எழுதினா என்னன்னு கேட்டேன்."

"ஜெயில்னு சின்ன எழுத்துல ஏதோ போட்டிருக்கு. அதெல்லாம் கெட்டவங்களுக்கு."

"டெல், நான் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுல பாட்டுப் பாடறவ. காகிதத்துல பொய் எழுத மாட்டேன்."

டெல்பர்ட் கெஞ்சினார். சமையலறைக்கு வெள்ளை அடித்துத் தருகிறேன் என்றார். தாழ்வாரத்துப் படியைச் சரி செய்கிறேன் என்றார். ஒரு வருடம் பாத்திரம் கழுவுகிறேன் என்றார். கடைசியில் பதினொரு வருடத்து பீன்ஸைச் சொன்னார். அதைச் சொல்லும்போது குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது. "உனக்குத் தெரியாது ஓபல். அந்தப் பாத்திரத்தைத் தூக்கிக்கிட்டு ஹாலுக்குள்ள நடக்கற தூரம் இருக்கே. வாசல்லேருந்து மேசை வரைக்கும். அது எல்க் நடக்கற மலையைவிடத் தூரம்."

ஓபல் கையிலிருந்த காய்கறிக் கத்தியைக் கீழே வைத்தாள்.

"சரி. நான் போய் ஒரு ரைஃபிள் வாங்கறேன். ஆனா எழுதறது உண்மையாத்தான் எழுதுவேன். சரியா?"

டெல்பர்ட்டின் காதில் முதல் பாதி மட்டும் விழுந்தது.

மறுநாள் ஓபலின் பஸ் வேலை முடிந்ததும் இரண்டு பேரும் போனார்கள். ரூடிக்குச் சந்தேகம் வரக் கூடாதென்று டெல்பர்ட் வண்டியிலேயே இருந்தார். ஸ்டியரிங்குக்குக் கீழே சரிந்து, கண் மட்டும் ஜன்னல் விளிம்பில் தெரிய, கடைக்குள் பார்த்தார்.

ஓபல் ஒரு ரைஃபிளை எடுத்துத் தோளில் வைத்தாள். தலையை ஆட்டினாள். இன்னொன்றை எடுத்தாள். பின்பக்கத்தைத் திறந்து உள்ளே பார்த்தாள். ரூடியிடம் ஏதோ கேட்டாள். ரூடி பணிவாகப் பதில் சொன்னார். மூன்றாவதை எடுத்தாள். கன்னத்தை அதில் சாய்த்தபோது கண்ணுக்கும் குழலுக்கும் நடுவில் ஒரு கோடு போட்டது போல் இருந்தது.

'நடிப்புன்னா இது நடிப்பு!' என்று டெல்பர்ட் வியந்தார். 'இவ பஸ் ஓட்டப் போனதே தப்பு.'

ஆறு நிமிடம். அவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பத்தொன்பது நாள் அவருக்கு வாயைத் திறக்காத மாநிலம், ஓபலுக்கு ஆறே நிமிடத்தில் ஆமென் சொல்லிவிட்டது. நீளப் பெட்டியோடு அவள் வெளியே வந்தாள்.

"கொடு, கொடு, பார்க்கறேன்! என்ன இது? நான் சொன்னது கறுப்பு. இது பழுப்பு மரமா இருக்கே? கட்டை வேற குட்டையா இருக்கு!"

"என் தோளுக்கு இதுதான் பொருந்துச்சு."

"உன் தோளுக்கா?"

"என் துப்பாக்கி. என் தோளு."

வீடு வந்து சேர்ந்ததும் டெல்பர்ட் சிரித்துப் பார்த்தார். "சரி, விளையாட்டுப் போதும் கண்ணு. அலமாரியில வச்சிடறேன், கொடு."

ஓபல் அலமாரியில் தானே வைத்தாள். தானே பூட்டினாள். சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"எனக்காகத்தான் வாங்கறேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப உனக்குக் கொடுத்தா நான் எழுதினது பொய்யாயிடும். என்னை ஜெயிலுக்கு அனுப்பணுமா?"

"ஓபல்! நீ ரைஃபிளை வச்சுக்கிட்டு என்ன பண்ணப்போறே?"

"வேட்டைக்குப் போகப்போறேன்."

"சீட்டு வேணுமே?"

குளிர்பெட்டி மேல் காந்தத்தில் ஒட்டியிருந்த இரண்டு காகிதங்களில் ஒன்றை எடுத்து அவள் நீட்டினாள். அதில் ஓபல் ரூத் நாக்ஸ் என்று அச்சாகியிருந்தது. டெல்பர்ட் அதை இரண்டு தடவை படித்தார். நான்கு வருடமாகக் குலுக்கலில் தம் பேரோடு மனைவி பேரையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு வந்தவர் அவரேதான். அவளுக்கும் விழுந்தால் அவள் மானையும் தாமே அடித்துவிடலாம் என்று கணக்கு. தம் மானையே அடிக்காதவர்.

"அது... அது சும்மா உன் பேருல போட்டு வச்சது."

"என் பேருதானே?"

"உனக்குச் சுடத் தெரியுமா ஓபல்?"

"எங்கப்பா ஆட்டுப் பண்ணை வச்சிருந்தாருன்னு சொல்லியிருக்கேன். ஓநாய் மாதிரி நரி வரும், பத்து வயசுலேருந்து நான்தான் காவல்னு சொல்லியிருக்கேன். முப்பத்தாறு வருஷத்துல ஏழெட்டுத் தடவை சொல்லியிருப்பேன்."

ஏழெட்டுத் தடவையும் டி.வி.யில் பேஸ்பால் ஓடியிருக்க வேண்டும். டெல்பர்ட்டுக்கு ஒன்றும் நினைவில்லை.

சனிக்கிழமை சரளைக் குழியில் போய் அவள் சுட்டுப் பழகினாள். நூறு கஜத்தில் காபி டப்பா. ஐந்து குண்டு. ஐந்து ஓட்டை. ஐந்தையும் ஒரு சாஸரால் மூடலாம். டப்பாவைப் போய் எடுத்து வந்த ஹார்லன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"டெல்பர்ட்டு, ஊருல ஒரு பேச்சு உண்டு. துப்பு இருக்கறவங்களுக்குத்தான் துப்பாக்கி. மாநிலம் கரெக்டாத்தான் பார்த்திருக்கு."

செவ்வாய்க்கிழமை மலையடிவாரத்தில் கூடாரம் போட்டார்கள். டெல்பர்ட் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

"ஓபல், கொடுத்தாத்தானே பொய்? இரவல் கொடுக்கலாமில்ல? ஹார்லன் அவன் மருமகனுக்குக் கொடுத்திருக்கானே."

ஓபல் யோசித்தாள். "நியாயம்தான். இரவல் வேற. என் மான் விழுந்து, கூடாரத்துக்கு வந்து சேர்ந்ததும், மிச்ச நாளுக்கு நீ எடுத்துக்கோ. சீட்டு உன்னோடது, மான் உன்னோடது. சம்மதமா?"

சம்மதமாவாவது! டெல்பர்ட் அந்த நிமிடத்திலிருந்து மனைவியின் வெற்றிக்கு உழைக்கத் தொடங்கினார். அடுப்பு மூட்டினார். பான்கேக் சுட்டார். அவள் பூட்ஸை நெருப்பருகே காய வைத்தார். தண்ணீர்ப் புட்டியை நிரப்பினார். காற்று எந்தப் பக்கம் வீசுகிறதென்று அரைமணிக்கு ஒரு தடவை விரலை எச்சில் பண்ணித் தூக்கிப் பார்த்தார். கல்யாணத்தன்றுகூட அவர் இவ்வளவு அக்கறையாக இருந்ததில்லை.

புதன்கிழமை விடியும்போதே இரண்டு மைல் ஏறி ஒரு பாறைக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். அன்று ஒன்றும் வரவில்லை. வியாழக்கிழமையும் அதே பாறை. வெயில் புல்லின் மேல் விழுந்த நேரம், எதிர்ச் சரிவில், மரங்களுக்குள்ளிருந்து ஒரு ஆண் எல்க் வெளியே வந்தது. அதன் மூச்சு வெள்ளையாகத் தெரிந்தது. டெல்பர்ட்டின் மூக்கில் தும்மல் ஏறியது. இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார். கண்ணில் நீர் வந்தது. ஓபல் அவசரப்படவில்லை. கன்னத்தைச் சாய்த்தாள். ஒரு மூச்சை விட்டாள். பாதி மூச்சில் நிறுத்தினாள்.

ஒரே சத்தம். மான் நான்கு எட்டு வைத்து விழுந்தது.

டெல்பர்ட் அப்போது தும்மினார். தும்மிவிட்டு அவளைப் பார்த்தார். அவள் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தாள். பதினொரு வருடமாக அவர் இந்த ஒரு நிமிடத்தைத் தம்முடையதாகவே கனவு கண்டிருக்கிறார். இப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது, பொறாமை வரும் என்று நினைத்தார். வந்தது. ஆனால் கூடவே, இவள் என் பெண்டாட்டி என்று எழுந்து நின்று மலை முழுக்கக் கத்த வேண்டும் போலவும் இருந்தது.

"நல்ல குறி ஓபல்," என்றார்.

"ம்," என்றாள் அவள். "கத்தியை எடு."

எல்க் சின்ன மான் இல்லை. உரித்து வெட்டினால் ஒவ்வொரு காலும் எழுபது பவுண்டு. கூடாரம் இரண்டு மைல் கீழே. நடுவில் ஒரு ஓடை, விழுந்த மரங்கள், செங்குத்தான சரிவு ஒன்று. சத்தம் கேட்டு ஹார்லன் பக்கத்து மேட்டிலிருந்து தம் கோவேறு கழுதையோடு வந்து சேர்ந்தார். மானைப் பார்த்தார். கொம்பை எண்ணினார். தொப்பியைக் கழற்றினார்.

"ஓபல், இது இந்த வருஷத்துலயே பெரிசா இருக்கும். கழுதையைக் கொடுக்கட்டுமா? ரெண்டு நடையில முடிஞ்சிடும்."

"வேண்டாம் ஹார்லன். ஒண்ணு கூட்டிட்டு வந்திருக்கேன்."

ஹார்லன் டெல்பர்ட்டைப் பார்த்தார். கழுதையும் டெல்பர்ட்டைப் பார்த்தது. கழுதை முகத்தில் மட்டும் கொஞ்சம் இரக்கம் இருந்தது.

"இருக்கட்டுமே ஓபல், அவன்தான் கொடுக்கறேங்கறானே!" என்றார் டெல்பர்ட்.

"உனக்குத்தானே சீக்கிரம் முடியணும்? கழுதை மத்தியானம்தான் புறப்படும்னு ஹார்லன் சொல்வான். நீ இப்பவே புறப்படலாம்."

அதில் ஒரு தர்க்கம் இருப்பது போல் டெல்பர்ட்டுக்குத் தோன்றியது. சீக்கிரம் இறக்கினால் சீக்கிரம் இரவல். பின்னங்காலை முதுகில் கட்டிக்கொண்டார். ஓபல் இதயத்தையும் முதுகுக் கறியையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஒரு கம்பை ஊன்றியபடி முன்னால் நடந்தாள்.

முதல் கால் கூடாரம் சேரப் பத்தரை மணி ஆனது. மறுபடி ஏறி வந்தபோது மதியம் ஒன்றேகால் மணி. இரண்டாவது காலைக் கட்டும்போது முட்டி இரண்டும் வெவ்வேறு பாஷையில் பேசின. மலைமுகட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்தார். அந்த முகட்டில் மட்டும்தான் போனுக்குச் சிக்னல் கிடைக்கும். சட்டைப் பையில் போன் அடித்தது.

"டெல்பர்ட் நாக்ஸ் சாரா? மாநில அலுவலகத்திலிருந்து பேசறேன். அன்னிக்கு, நான் கத்துக்கிட்டிருக்கேன்னு சொன்னேனே, அந்தப் பொண்ணுதான் சார். இப்பக் கத்துக்கிட்டேன். உங்க விண்ணப்பம் பார்த்தாச்சு. உங்க பேருல நெஜமாவே ஒரு படகுத் திருடன் இருக்கான், அது வேற ஆளு. உங்க மேல எந்தக் குத்தமும் இல்ல. உங்களை விட்டாச்சு சார். எப்ப வேணாலும் போய் உங்க ரைஃபிளை வாங்கிக்கலாம்."

டெல்பர்ட் துள்ளி எழுந்தார். எழுபது பவுண்டு அவரைத் திரும்ப உட்கார வைத்தது. உட்கார்ந்தபடியே, கொஞ்சம் கீழே சரிவில் போய்க்கொண்டிருந்த மனைவியைப் பார்த்துக் கை இரண்டையும் ஆட்டினார்.

"ஓபல்! ஓபல்! மாநிலம் என்னை விட்டுடுச்சு!"

ஓபல் திரும்பிப் பார்த்தாள்.

"நான் விடலை. இன்னும் ரெண்டு காலு மேல கிடக்கு, எழுந்து வா."